இருக்கை வரிசைப் புதிர்: எந்தக் குறிப்பில் தொடங்குவது?

இருக்கைப் புதிர்களில் சிக்கிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்குகிறார்கள். முதல் குறிப்பைப் படித்ததும் பென்சிலை எடுத்து அதைப் படத்தில் போட்டுவிடுகிறார்கள். புதிரை அமைத்தவரோ குறிப்புகளைக் கலைத்துப் போட்டுத்தான் தந்திருப்பார். அவர் தந்த வரிசையிலேயே போனால் நாலாவது குறிப்பில் அழிக்க வேண்டி வரும், ஆறாவதில் தாளைக் கிழிக்க வேண்டி வரும்.

ஏழு பேரை ஒரு வரிசையில் உட்காரவைக்க 5,040 வழிகள் உண்டு. எட்டுப் பேர் என்றால் 40,320. இவற்றில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுவதுதான் குறிப்புகளின் வேலை. ஆகவே எந்தக் குறிப்பு அதிகம் வெட்டுகிறதோ அதை முதலில் எடுக்க வேண்டும். எது அதிகம் வெட்டும் என்பதை எண்ணியே பார்த்துவிடலாம். ஒரு புதிரை வைத்துச் செய்து பார்ப்போம்.

அமுதன், இனியா, கபிலன், சுடர், நிலா, பாரி, மலர் ஆகிய ஏழு பேரும் வடக்கு நோக்கி ஒரே வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

1. நிலாவும் மலரும் அடுத்தடுத்து இல்லை.
2. பாரி, அமுதனுக்கு இடப்பக்கம் இரண்டாவது.
3. கபிலனுக்கும் மலருக்கும் நடுவே சரியாக இருவர்.
4. சுடர், அமுதனுக்குப் பக்கத்து இருக்கை.
5. இனியா, மலருக்கு வலப்பக்கம் அடுத்த இருக்கை.
6. கபிலன் ஏதோ ஓர் ஓரத்திலிருந்து மூன்றாவது.

ஒவ்வொரு குறிப்பையும் வெற்றுப் படத்தில் எத்தனை விதமாகப் போடலாம்? முதல் குறிப்பு 30 விதம். இரண்டாவது 5 விதம்: பாரி 1 முதல் 5 வரை எங்கும் இருக்கலாம், அமுதன் அவரோடு சேர்ந்து நகர்வார். மூன்றாவது 8. நான்காவது 12. ஐந்தாவது 6. கடைசிக் குறிப்பு வெறும் 2 விதம்: கபிலன் 3ஆம் இருக்கை அல்லது 5ஆம் இருக்கை. ஆக, கடைசியில் ஒதுங்கிக் கிடக்கும் ஆறாவது குறிப்புதான் வாசல். முதலாவதாக நிற்பதுதான் இருப்பதிலேயே பயனற்ற தொடக்கம்.

அடுத்தது எது? எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 5 விதமுள்ள இரண்டாவது குறிப்பை எடுக்கத் தோன்றும். எடுக்கக் கூடாது. அதில் கபிலன் பெயரே இல்லை. எடுத்தால் இரண்டு படம் ஆறாகப் பெருகிவிடும். ஏற்கெனவே இடம் பிடித்தவரின் பெயர் எந்தக் குறிப்பில் வருகிறதோ அதைத்தான் அடுத்ததாகத் தொட வேண்டும். கபிலன் மூன்றாவது குறிப்பில் வருகிறார். அவர் 3 என்றால் மலர் 6. அவர் 5 என்றால் மலர் 2. வேறு வழியில்லை, மற்ற பக்கத்தில் வரிசை முடிந்துவிடும். மலரைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவது குறிப்பு: இனியா முதல் படத்தில் 7, இரண்டாம் படத்தில் 3.

இப்போது இரண்டு படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன:

_ _ க _ _ ம இ
_ ம இ _ க _ _

இனி இரண்டாவது குறிப்பு. 'பாரி, ஓர் இடைவெளி, அமுதன்' என்ற கட்டு மேல் படத்தில் 2, 4 என்ற ஒரே இடத்தில்தான் நுழையும். கீழ்ப் படத்தில் 4, 6. வெற்றுப் படத்தில் 5 விதமாக இருந்த குறிப்பு இப்போது ஒவ்வொரு படத்திலும் ஒரே விதமாகச் சுருங்கிவிட்டது. பொறுத்திருந்ததன் பலன் அது. நான்காவது குறிப்பின்படி சுடர் மேலே 5, கீழே 7. மிஞ்சிய 1ஆம் இருக்கை இரண்டிலும் நிலாவுக்கு:

நி பா க அ சு ம இ
நி ம இ பா க அ சு

இரண்டு படமும் நிறைந்துவிட்டன. இப்போதுதான் முதல் குறிப்பு பேசுகிறது. கீழ்ப் படத்தில் நிலாவும் மலரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். அந்தப் படம் முழுவதும் போயிற்று. மேலே உள்ளதுதான் விடை.

'இல்லை' என்று முடியும் குறிப்புகள் யாருக்கும் இடம் தருவதில்லை, படத்தை அழிக்க மட்டுமே உதவும். அதனால்தான் அவற்றைக் கடைசிக்கு வைக்கிறோம், ஆனால் மறந்துவிடக் கூடாது. தாளின் ஓரத்தில் 'நி ம ✗' என்று எழுதிவைத்துவிடுங்கள். இந்தப் புதிரில் யாராவது 5ஆம் இருக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தால், ஐந்து குறிப்புகளும் ஒத்துப்போன, ஏழு பேரும் அமர்ந்த, முற்றிலும் தவறான படம் கையில் இருந்திருக்கும். படம் நிறைந்தது என்பது சரியாக இருப்பதற்குச் சான்று ஆகாது. 'அல்லது' வந்த இடத்திலேயே இரண்டு படமும் போட்டாக வேண்டும். ஒன்றை மனதில் வைத்துக்கொள்கிறேன் என்பது நடக்காத காரியம்.

படங்கள் நான்கைத் தாண்டினால், தவறான குறிப்பில் கிளை பிரித்துவிட்டோம் என்று பொருள். ஐந்தாவது படத்தை வரைவதைவிட, எடுக்காமல் விட்ட குறிப்புகளை இன்னொரு முறை படிப்பது வேகமான வழி.

யாரிடமிருந்து எண்ணுவது என்பதிலும் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தமிழில் இதற்கு ஓர் எளிய பிடி இருக்கிறது: 'கு' உருபு ஏற்ற பெயர்தான் நாம் நிற்கும் இடம். 'பாரி, அமுதனுக்கு இடப்பக்கம் இரண்டாவது' என்றால் அமுதனின் நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய இடக்கைப் பக்கம் இரண்டு எண்ண வேண்டும். ஆங்கிலத் தாளில் 'ஆஃப்' (of) என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் பெயர் அந்த வேலையைச் செய்கிறது. 'நடுவே இருவர்' என்பதும் 'மூன்றாவது' என்பதும் ஒரே தூரம்தான், இருக்கை எண்ணில் வேறுபாடு 3. ஆனால் 'நடுவே இருவர்' பக்கத்தைச் சொல்வதில்லை, 'இடப்பக்கம் மூன்றாவது' சொல்கிறது. வெறுமனே 'இடப்பக்கத்தில் இருக்கிறார்' என்று எண் இல்லாமல் வந்தால் இடப்புறம் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதை 'அடுத்த இருக்கை' என்று படித்துவிட்டால் புதிர் அங்கேயே முறிந்துவிடும்.

வட்ட மேசைக்கு வருவோம். இங்கே வரிசையில் இருந்த ஓரங்கள் கிடையாது. எல்லோரையும் ஒன்றாகச் சுழற்றினாலும் அமைப்பு அதேதான், எனவே எட்டுப் பேருக்கு 40,320 இல்லை, 5,040 வழிகள்தான். இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பயன்: முதல் ஆளை எங்கே உட்காரவைத்தாலும் சரி. அந்த ஒருவரை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். யாரைப் போடுவது என்றால், அதிகக் குறிப்புகளில் பெயர் வருகிறவரை.

மையம் நோக்கி அமர்ந்தவருக்கு இடப்பக்கம் என்பது கடிகாரத் திசை. மேசையின் அடிப்பகுதியில், கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தில் ஒருவர் மையத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய இடக்கை 7 இருக்கும் பக்கம் நீள்கிறது. கடிகாரத் திசைக்கு 'வலஞ்சுழி' என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கிறது, ஆனால் இந்தப் புதிரில் அது குழப்பும்: வலஞ்சுழி என்றதும் மனம் வலப்பக்கத்துக்குப் பாய்ந்துவிடுகிறது. இங்கே வலஞ்சுழியாகப் போவது அவருடைய இடப்பக்கம். வட்டம் போட்டதும் வெளியே ஓர் அம்புக்குறி வரைந்து அதன்மேல் 'இட' என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எட்டுப் பேர் வட்டத்தில் இடப்பக்கம் மூன்றாவது என்பதும் வலப்பக்கம் ஐந்தாவது என்பதும் ஒரே இருக்கை. இரண்டும் கூட்டினால் 8 வர வேண்டும். நேர் எதிர் இருக்கை எந்தப் பக்கம் எண்ணினாலும் நான்காவது. பேர் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் நேர் எதிர் என்று ஒருவரும் இருக்க முடியாது.

சிலர் மையம் நோக்கியும் சிலர் வெளிநோக்கியும் அமர்ந்திருந்தால்தான் உண்மையான சோதனை. வெளிநோக்கியவருக்கு எல்லாம் தலைகீழ், அவருடைய வலப்பக்கம்தான் கடிகாரத் திசை. இதில் என்ன விலை கொடுக்க நேரும் என்று பாருங்கள். எட்டுப் பேர் வட்டம். பாரி மையம் நோக்கி இருக்கிறார். அமுதன் அவருக்கு இடப்பக்கம் மூன்றாவது, அதாவது கடிகாரத் திசையில் 3 இருக்கை தள்ளி. அமுதன் வெளிநோக்கி இருக்கிறார். சுடர், அமுதனுக்கு வலப்பக்கம் இரண்டாவது. சரியாக எண்ணினால் சுடர் பாரியிடமிருந்து கடிகாரத் திசையில் 5ஆவது. அமுதனும் மையம் நோக்கியே இருப்பதாக நினைத்து எண்ணினால் 1ஆவது. சரியான இடத்துக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்துவிடுகிறார் சுடர்!

எல்லோரும் ஒரே பக்கம் நோக்கியிருக்கும்போது 'மலர் பாரிக்கு இடப்பக்கம் மூன்றாவது' என்பதைப் புரட்டி 'பாரி மலருக்கு வலப்பக்கம் மூன்றாவது' என்று எழுதிக்கொள்ளலாம். கலப்பு நோக்கில் இந்தப் புரட்டல் செல்லாது. நன்றாகப் பழகியவர்களையும் இதுதான் கவிழ்க்கிறது, ஏனென்றால் கை பழக்கத்தில் தானாகவே புரட்டிவிடும். இப்படிப்பட்ட புதிரில் நோக்கு தெரியாத ஒருவரிடமிருந்து எண்ணத் தொடங்காதீர்கள். 'பக்கத்தில் இருப்பவர்கள் இருவரும் எதிர்த்திசை நோக்கியவர்கள்' போன்ற குறிப்புகளை முதலில் தேடி, பெயர் தெரியாத இருக்கையாக இருந்தாலும் அம்புக்குறியைப் போட்டுவிடுங்கள். நான்கு பேர் மையம், நான்கு பேர் வெளி என்று சொல்லியிருந்தால், ஒரே பக்கம் நோக்கிய நான்காவது அம்பு கிடைத்த உடனே மற்ற நான்கும் தானே கிடைத்துவிடும்.

எதிரெதிர் இரண்டு வரிசைகளில் புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை. மேல்வரிசை தெற்கு நோக்கினால் அவர்களுடைய இடப்பக்கம் தாளின் வலப்பக்கம். வரிசையின் இரு முனைகளிலும் 'இட', 'வல' என்று எழுதிவிட்டுத் தொடங்கினால் போதும். மாடிக் கட்டடப் புதிரில் 1ஆம் தளம் கீழே. கையோ மேலிருந்து எழுதத்தான் பழகியிருக்கிறது, எனவே பெயரை எழுதுமுன் தள எண்களைக் கீழிருந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

வரிசை எண் கணக்குகள் தனி இனம். ஒருவர் இடமிருந்து 7ஆவது, வலமிருந்து 9ஆவது என்றால் மொத்தம் 7 + 9 − 1 = 15; அவரை இருமுறை எண்ணியதால் ஒன்றைக் கழிக்கிறோம். இருவர் வந்தால்தான் கண்ணி. ஒருவர் இடமிருந்து 12, இன்னொருவர் வலமிருந்து 15, நடுவே மூவர். 12 + 15 + 3 = 30 என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்கள் அதிகம். இரண்டாமவர் முதலாமவருக்கு இடப்பக்கமும் இருக்கலாமே. அப்போது அவர் இடமிருந்து 8ஆவது, மொத்தம் 8 + 15 − 1 = 22. கேள்வி 'குறைந்தபட்சம்' என்று கேட்டால் 22. ஒன்றும் சொல்லாமல் மொத்தம் எத்தனை என்று மட்டும் கேட்டால் 'தரவு போதாது' என்பதே சரியான விடை.

உயரம், எடை, மதிப்பெண் ஒப்பீடுகளிலும் இதே அவசரம்தான் கெடுக்கிறது. அமுதன் கபிலனைவிட உயரம், அமுதன் மலரைவிட உயரம். இதிலிருந்து கபிலனுக்கும் மலருக்கும் இடையே எதுவும் தெரியாது. மூவரையும் ஒரே கோட்டில் எழுதிவிட்டால், தெரியாததைத் தெரிந்ததாகத் தாளே நம்பவைத்துவிடும். அமுதனிடமிருந்து இரண்டு கிளைகளாகப் பிரித்து வரைந்து, இணைக்கும் குறிப்பு வந்த பிறகு ஒரே கோடாக்குங்கள்.

ஒவ்வொருவருக்கும் தொழில், நிறம், ஊர் என்று கூடுதல் விவரங்கள் சேர்ந்தால் இருக்கைகளை நெடுவரிசைகளாகவும் விவரங்களைக் கிடைவரிசைகளாகவும் கட்டம் போட வேண்டும். ஐந்து வீடு, ஐந்து விவரம் கொண்ட வரிக்குதிரைப் புதிர் இவ்வகையில் பேர்போனது. 1962 டிசம்பரில் 'லைஃப் இன்டர்நேஷனல்' இதழில் வந்த அதை ஐன்ஸ்டைன் எழுதியதாகச் சொல்லிப் பரப்புகிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. ஒரு விவரத்தை ஐந்து வீடுகளுக்கும் பங்கிட 120 வழிகள்; ஐந்து விவரத்துக்குமாக ஐந்து 120களை ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் 2,488 கோடிச் சொச்சம் அமைப்புகளில் ஒன்றைக் காண வேண்டும். அதன் அழகு, வரிக்குதிரை என்ற சொல் எந்தக் குறிப்பிலும் வராது, கேள்வியில் மட்டும்தான் வரும். மற்றதெல்லாம் நிறைந்தபின் காலியாக நிற்கும் கட்டம் அதனுடையது. குறிப்பில் பெயரே வராத ஆளை எங்கே போடுவதென்று முதலிலேயே தேடிக் களைக்காதீர்கள். மிஞ்சும் நாற்காலி அவருக்குத்தான்.

படம் முடிந்ததும் குறிப்புகளை உங்கள் சுருக்கக் குறியிலிருந்து சரிபார்க்காமல், கேள்வித்தாளில் உள்ள மூல வாக்கியத்திலிருந்தே சரிபாருங்கள். சுருக்கும்போதே பக்கம் மாறியிருந்தால் சுருக்கத்தை வைத்துச் சரிபார்ப்பதில் அது தெரியவே தெரியாது. பிறகு வரும் கேள்விகளில் 'அமுதனும் சுடரும் இடம் மாறினால்' என்று கேட்டால் மூலப் படத்தில் அழித்து எழுத வேண்டாம், பக்கத்தில் சிறிதாக ஒரு படியெடுத்து அதில் மாற்றுங்கள். அடுத்த கேள்வி பழைய அமைப்பிலிருந்துதான் தொடங்கும்.