அலை தேய்த்த கண்ணாடி

வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குப் போனால் எனக்கு முதல் வேலை கடற்கரையில் குனிந்தபடி நடப்பதுதான். மாரி அலை அடித்து ஓய்ந்த பிறகு, சிப்பி ஓடுகளும் சாதாழை என்கிற கடற்செடியும் ஒதுங்கிக் கிடக்கிற வரிசையில் தேடினால் கடல் கண்ணாடி கிடைக்கும். உடைந்த போத்தல் துண்டுதான், ஆனால் மணலும் உப்புத்தண்ணீரும் பல வருடமாக உருட்டி உருட்டி விளிம்பெல்லாம் மழுங்கி, மேலே பனி படர்ந்த மாதிரி மங்கிப்போயிருக்கும். கூராக, மினுக்கமாக இருந்தால் அது புதுசு, எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற கரை. பச்சை, மண்ணிறம், வெள்ளை நிறைய வரும். நீலம் கிடைப்பது அருமை. நேற்று அளம்பில் பக்கம் சின்னவிரல் நகமளவு நீலம் ஒன்று! வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே ஒரு காற்றுக்குமிழ். பஸ்ஸில் வழியெல்லாம் உள்ளங்கையிலேயே வைத்திருந்தேன்.