ஓரத்தில் எழுதிய சேதிகள்

பர்மாவில் வெளியூர் பஸ் புறப்படும் இடத்தைக் 'கார் கேட்டு' என்போம். ஆள் ஏறவும் அதுதான் இடம், சாமான் அனுப்பவும் அதுதான். மோல்மேனில் அப்படி ஒரு கேட்டில் சாமான் சீட்டு எழுதும் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. பர்மிய எழுத்து அழகாக எழுதுவேன் என்று எடுத்தார்கள். தமிழ் தெரிந்தது பிறகுதான் உதவியது.

அப்போது எங்கள் ஊர்ப் பக்கம் சால்வீன் ஆற்றில் பாலம் இல்லை. ரங்கூன் சாமான் மர்த்தபான் கரையில் இறங்கி, படகேறி, இந்தக் கரைக்கு வரும். மழைக்காலத்தில் மூட்டை நனையாமல் வந்தால் அன்றைக்கு நல்ல நாள். 2005ல் பாலம் திறந்த பிறகு எங்கள் வேலை பாதியாகக் குறைந்தது, சுமைகூலிக்காரர்களுக்கோ வேலையே போனது. எங்கள் கேட்டில் இருந்த இருவர் சைக்கா, அதாவது பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா, மிதிக்கப் போனார்கள்.

கூலி எடை பார்த்துத்தான். இங்கே எடை என்றால் இன்றும் வீசைக் கணக்கு, ஒரு வீசை ஏறக்குறைய 1.63 கிலோ. பர்மியர் 'பெய்தா' என்பார்கள், வெள்ளைக்காரன் 'விஸ்' என்று எழுதி வைத்தான். அது நம் வீசைதான். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் என் தராசைப் பார்த்து, "இதெல்லாம் எங்க தாத்தா காலத்துப் பேச்சுப்பா" என்று சிரித்தார்.

சரி, சாமான் சீட்டில் எழுதும் விலாசத்துக்கு வருவோம். அதில் தெரு, வீட்டு எண் எதுவும் இருக்காது. பெயர், ஊர், 'வந்து வாங்கிக்கொள்வார்'. அவ்வளவுதான். பர்மியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. டின் வின் என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்புவார்கள். நம் ஆட்களிடம் வேறொரு சிக்கல். அடையாள அட்டையில் பர்மியப் பெயர், வீட்டிலும் கோயிலிலும் தமிழ்ப் பெயர். அனுப்புகிறவர் 'முத்தையா' என்று எழுதியிருப்பார், வாங்க வருகிறவர் அட்டையை நீட்டினால் அதில் வேறு யாரோ இருப்பார். அப்போதெல்லாம் "இவரை எனக்குத் தெரியும் சயா" (பர்மியத்தில் 'ஐயா' மாதிரி) என்று முதலாளியிடம் நான் சொல்வதுதான் அத்தாட்சி.

அந்தத் தெனாவெட்டில் ஒருமுறை பெயரை மட்டும் பார்த்துப் பெட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டேன். கல்யாண வீட்டுக்குப் பட்டுச் சேலைக்குப் பதில் நாலு வீசைக் கருவாடு போனது. கருவாட்டுக்காரர் நல்ல மனிதர், மறுநாளே சேலையைக் கொண்டுவந்தார். முகூர்த்தம் முடிந்திருந்தது. பெண்ணின் அப்பா என்னைத் திட்டவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார். அதற்குப் பிறகு, "உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்காமல் நான் எதையும் கொடுத்ததில்லை.

சாமானோடு சேதியும் வரும். சாதாரண ஜனங்களுக்குக் கைபேசி எட்டாத காலம் அது. தெருவோரத்தில் மேசை போட்டு, நாலைந்து போனை வைத்து, நிமிஷக் கணக்கில் பேசவிடுவார்கள். அதற்கும் காசில்லாதவர்கள் மூட்டையைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்கள்: "தம்பி, அங்க எங்க மாமா வந்து வாங்குவாரு. அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு, பதறிக்கிட்டு கிளம்பி வரவேணாம்னு சொல்லி அனுப்பிருங்க." மறந்துவிடுவேனோ என்று பயந்து, அதைப் பேரேட்டின் ஓரத்தில் தமிழில் குறித்துக்கொள்வேன். வரும் மூட்டைகளுக்கு ரங்கூன் கேட்டில் இருந்த நம்மவர் ஒருவர் சீட்டின் பின்பக்கத்தில் அதையே செய்வார். இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஓரத்தில் தமிழ் கூடிக்கொண்டே போனதும், கணக்கில் தில்லுமுல்லு செய்கிறேனோ என்று முதலாளிக்குச் சந்தேகம். ஒரு பக்கம் முழுக்க அவருக்குப் படித்துக் காட்டினேன். பிரசவம், வாடகை பாக்கி, 'நாய் செத்துப்போச்சு'. கேட்டுவிட்டு, பேனா மையை மட்டும் பார்த்துச் செலவழி என்றார்.

2014ல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து சிம் கார்டை 1,500 சாட்டுக்கு (சாட் என்பது பர்மியப் பணம்) விற்றன. ஒரே வருஷத்தில் ஓரங்கள் காலியாகிவிட்டன. சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வருகிறவர் போனைக் காட்டுகிறார், கடைசி நாலு எண்ணைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன், போய்விடுகிறார். தவறு குறைந்துவிட்டது, அது நிஜம். கருவாடும் சேலையும் இனி மாறாது. ஆனால் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு இப்போது தெரிவதில்லை. அது ஒரு கேட்டுக் குமாஸ்தாவுக்குத் தெரியவேண்டிய விஷயமா என்று கேட்டால், இல்லைதான்.

போன மாதம் ரங்கூனிலிருந்து ஒரு பிஸ்கட் டின் வந்தது. சுற்றிலும் துணி வைத்துத் தைத்து, மேலே காகிதம் ஒட்டியிருந்தது. பர்மியத்தில் பெயரும் போன் எண்ணும். அதற்குக் கீழே பென்சிலில், பொடி எழுத்தில், தமிழில்: 'கீழே போட்டுறாதீங்க, முறுக்கு, தாத்தாவுக்கு.' பஸ்ஸில் ஏற்றுகிறவர், இறக்குகிறவர் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.

மேல் தட்டில், துரியன் பழக் கூடை படாத பக்கமாக எடுத்து வைத்தேன்.