மே மாத வெயிலிலும் தாக்குப்பிடிக்கும் ஃபஸ் ஃபேஸ்

ஒருவழியாக என் ஃபஸ் ஃபேஸ் (கிதார் ஒலியைக் கரகரக்க வைக்கும் பெடல்) நகல் மதியம் இரண்டு மணிக்கும் ஒழுங்காக ஒலிக்கிறது. 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட சர்க்யூட்டேதான், எதையும் கூட்டவில்லை. ஆனால் அதிலுள்ள ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் லண்டன் குளிரில் நடந்துகொள்வது வேறு, சென்னை மொட்டைமாடி அறையில் நடந்துகொள்வது வேறு. காலையில் நீண்டு நின்ற சுரம், வெயில் ஏறியதும் விட்டுவிட்டுக் கரகரத்து அடங்கிவிடும்.

எல்லாம் கசிவு மின்னோட்டத்தின் வேலை, அதாவது உள்ளீடு இல்லாதபோதும் டிரான்சிஸ்டர் வழியே ஓடும் மின்னோட்டம். வெப்பம் பத்து டிகிரி கூடினால் கசிவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். மல்டிமீட்டர் துளையில் செருகிவிட்டு 'கெயின் 150' (பெருக்கும் மடங்கு) என்று பெருமைப்படுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. அதில் கசிவு எவ்வளவு? 9 வோல்ட் கொடுத்து, டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் 2.472 கிலோஓம் மின்தடை போட்டு, பேஸ் காலை எங்கும் இணைக்காமல் விட்டு, மின்தடையின் இரு முனைகளுக்கிடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட் காட்டினால் 200 மைக்ரோஆம்பியர் கசிகிறது. அந்தப் பெருமையில் ஒரு பங்கு பொய். பிறகு பேஸை 2.2 மெகாஓம் வழியாக இணைத்து, கூடும் வோல்ட்டை நூறால் பெருக்கினால் உண்மையான கெயின் கிடைக்கும். டிரான்சிஸ்டரை விரலால் தொட்டாலே எண் ஏறத் தொடங்கும். அது இறங்கி நிற்கும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் சிலிக்கானோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் பொறுக்கிய இரண்டின் கெயின்: முதல் இடத்துக்கு 78, இரண்டாவதற்கு 116. இரண்டும் கசிவு குறைந்தவை. சர்க்யூட்டிலுள்ள 8.2 கிலோஓமுக்குப் பதில் ட்ரிம்பாட் (திருகி மாற்றும் மின்தடை) வைத்து, இரண்டாவதன் கலெக்டரை 4.5 வோல்ட்டில் நிறுத்தினேன், அதுவும் நடுப்பகலில். கிதாரின் வால்யூமைக் குறைத்தால் கரகரப்பு கரைந்து தெளிவான ஒலி மட்டும் மிஞ்சுகிறது. இந்த வித்தை எந்த டிஜிட்டல் பெடலிலும் எனக்கு வாய்த்ததில்லை.

ஏசி128 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டரைத் தேடுகிறவர்களுக்கு: பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் ஒலிபெருக்கிப் பகுதியில் பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) தயாரித்தவை ஜோடியாகவே இருக்கும். இணையத்தில் ஒருவர் 'புத்தம் புதியது' என்று அனுப்பியவற்றை டயோடு சோதனையில் வைத்தால் 0.6 வோல்ட் காட்டின. ஜெர்மானியமாக இருந்தால் 0.2-ஐ ஒட்டி நின்றிருக்க வேண்டும். உள்ளே இருப்பது சிலிக்கான்!

பெட்டிக்கு இன்னும் துளைகூடப் போடவில்லை, அதற்குள் மனம் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற இன்னொரு பழைய பெடலுக்குத் தாவிவிட்டது. நாஷ்வில் ஒலிப்பதிவுக்கூடத்தில் பழுதான ஒரு சேனல் வழியாகக் கிதார் கலைஞர் கிரேடி மார்ட்டின் வாசித்தது கரகரத்தது. அந்தக் கோளாறையே ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்நோடி சர்க்யூட்டாக்க, 1962-இல் கிப்சன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், வெறும் 3 வோல்ட். மூன்றாவதற்குத் தோதாக இன்னொரு செத்த ரேடியோ வேண்டும்.