பத்மினிக்குப் புது ஷாக்

அப்பா வாங்கிய 1986 மாடல் பிரீமியர் பத்மினி கார் இன்னும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நாளாக வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்பக்கம் தொட்டில் மாதிரி ஆடியது. டிக்கி மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுத்துப் பார்த்தேன். ஒரு முறை எழும்பி அடங்க வேண்டிய வண்டி நாலு முறை ஆடியது. குனிந்து பார்த்தால், பின்பக்க ஷாக் அப்சார்பர் (சுருக்கமாக ஷாக்) இரண்டிலும் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது.

சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புது ஷாக் ஜோடியாக வாங்கி வந்தேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடங்காது.

பின்பக்கத்தில் சுமையைத் தாங்குவது லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டை வில்). ஷாக்கின் வேலை ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான். அந்தத் தைரியத்தில்தான் வீட்டிலேயே இறங்கினேன். முன்பக்கம் காயில் ஸ்பிரிங் (சுருள் வில்). தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அதில் கை வைக்க மாட்டேன்.

முன் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டுகளைப் பின் ஆக்சிலுக்கு (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) அடியில் வைத்தேன். பாடிக்கு அடியில் வைத்தால் ஆக்சில் தொங்கி ஷாக்கை இழுக்கும், நட்டு கழலாது. அந்த நிலையில் புதியதை முறுக்கினாலும் ஷாக் நுனியில் இருக்கும் ரப்பர் புஷ் (ரப்பர் வளையம்) திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

நட்டுகளில் இரண்டு ராத்திரி டபிள்யூடி-40 (துருவை இளக்கும் ஸ்பிரே) அடித்து ஊறவைத்திருந்தேன். ரிங் ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி அழுத்தியதும் மூன்று நட்டுகள் 'டக்'கென்று விட்டன. நாலாவது அசையவே இல்லை. ஹாக்சா பிளேடால் அறுத்து எடுக்க ஒரு மணி நேரம் ஆனது.

கழற்றிய பழைய ஷாக்கை அழுத்தினால் 'சளக்'கென்று இறங்கியது, தடையே இல்லை. சரி, புதியதைப் பார்ப்போம் என்று இழுத்தால், அதிலும் ஆரம்பத்தில் ஒரு வெற்று இடைவெளி! ஏமாந்துவிட்டோமோ என்று பதறிப்போனேன். அப்புறம்தான் புரிந்தது: படுக்கவைத்தே இருந்ததால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. நிமிர்த்திப் பிடித்து முழுக்க இழுத்து அழுத்தி ஆறேழு தடவை செய்தேன். இடைவெளி மறைந்து, மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான கனம் கைக்குத் தெரிந்தது. அதன் பிறகே மாட்டினேன்.

சாயங்காலம் அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து அதே வேகத்தடையில் விட்டேன். ஒரே எழும்பு, அடங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்து நட்டுகளை மறுபடி சோதித்தபோது ஒன்று மட்டும் கால் சுற்று ஏறியது.