கம்புக் கதிரில் பச்சை வண்டு

கடலூர் கேப்பர் மலையின் செம்மண் சரிவில், முந்திரித் தோப்புகளுக்கு இடையே எஞ்சியிருக்கும் புல்வெளியில் ஒரு காலை நடந்தபோது, பூத்த புற்கதிரில் தலையைப் புதைத்து மகரந்தம் தின்றுகொண்டிருந்த பச்சை வண்டொன்றைக் கண்டேன். சிறுவயதில் தீப்பெட்டிக்குள் வளர்த்த பொன்வண்டு அன்று இது; கைலோலோபா அக்யூட்டா என்னும் பூவண்டு.

குனிந்து பார்த்தபோது, உலோகம்போல் மின்னிய உடலெங்கும் மெல்லிய மயிரும், அதில் மஞ்சள் பொடியாக ஒட்டிய மகரந்தமும் தெரிந்தன. இந்த மினுமினுப்பு சாயத்தால் வருவதன்று. மேலோட்டின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் உண்டாவது என்பதால், இறந்த வண்டிலும் அது எளிதில் மங்குவதில்லை. அது பறந்த விதம்தான் என்னை மிகவும் கவர்ந்தது: பெரும்பாலான வண்டுகள் கெட்டியான மேலிறகுகளைத் தூக்கி விரித்துப் பறக்க, பூவண்டுகளோ அவற்றை மூடியபடியே வைத்து, பக்கவாட்டு இடுக்கின் வழியே உள்ளிறகுகளை நீட்டிப் பறக்கின்றன.

கம்பும் சோளமும் பூக்கும்போது கதிர்களில் இவை கூடுவதால் உழவர்களுக்கு இவற்றின்மேல் கோபம் உண்டு; அதில் நியாயமும் இருக்கிறது. ஆயினும் முதிர்ந்த வண்டு கண்ணில் படுவது ஆண்டில் சிறிது காலமே. அதன் புழுப் பருவம் மண்ணுக்குள் கழிகிறது. ஆகவே, புல்வெளியை வெறும் தரிசு என்று எண்ணி மேல்மண்ணோடு வழித்தெடுப்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. அச்சரிவின் ஒரு பகுதியைச் சென்ற ஆண்டு மனைகளுக்காக அப்படித்தான் வழித்தார்கள். இவ்வாண்டு அங்கே ஒரு வண்டையும் நான் காணவில்லை. வரப்புக்கு இப்பால், ஒரே கதிரில் மூன்று இருந்தன.