பிரிட்டிஷ் நாவல் அரியர்: 'இட்' (it, அது) என்ற சொல்லுக்கு அடியில் கோடு போடுங்கள்

நேற்று மாலை ரிசல்ட் வந்தது. போன முறை 75-க்கு 31, இந்த முறை 58. எம்.ஏ. முடித்தும் ஒரே ஒரு பேப்பர் தொங்கிக்கொண்டிருந்தால் எப்படியிருக்கும் என்று அரியர் வைத்தவர்களுக்குத் தெரியும். நேற்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு முறையும் பெரிய கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒதுக்கப்பட்ட பாத்திரங்கள் மீது வாசகருக்கு எப்படிப் பரிவு பிறக்கிறது? முதல் முறை ஏழு பக்கம் எழுதினேன். வுதரிங் ஹைட்ஸ் நாவலின் ஹீத்கிளிஃப் அநாதை, பாவம். விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் படைத்த உயிருக்கு யாருமில்லை, பாவம். எல்லாம் கதைச் சுருக்கம். 'எப்படி' என்ற சொல்லை நான் கவனிக்கவே இல்லை. கைடு போதும், நாவலைப் படிக்க நேரம் ஏது என்று வகுப்பிலேயே சொன்னார்கள். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இந்த முறை நாவலையே எடுத்தேன். ஒரே வேலைதான். ஒதுக்கப்பட்டவரைப் பற்றிப் பேசுவது யார், 'அவன்' என்கிறாரா 'அது' என்கிறாரா என்று பார்த்துப் பென்சிலால் கோடு போடுவது. உயர்திணை, அஃறிணை படித்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று கண்ணில் படும்.

வுதரிங் ஹைட்ஸ் நான்காம் அத்தியாயம். லிவர்பூல் தெருவிலிருந்து வீட்டு எசமான் எர்ன்ஷா தூக்கிவந்த சிறுவன் ஹீத்கிளிஃபை வேலைக்காரி நெல்லி 'இட்' என்றே சொல்கிறாள். விடிவதற்குள் போய்விடும் என்ற நினைப்பில் மாடிப்படி முகப்பில் அவனைப் போட்டவளும் அவளேதான். அவன் கதையின் பெரும்பகுதி அவள் வாய்வழியாகத்தான் நமக்கு வருகிறது! அப்புறம் அவனுக்குத் தட்டம்மை கண்டபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறாள், மனம் இளகுகிறாள். அவளோடு சேர்ந்து நாமும் இளகுகிறோம்.

ஃபிராங்கன்ஸ்டைன் 1831 பதிப்பில் 11 முதல் 16 வரையான அத்தியாயங்களைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். அதுவரை விக்டரின் வசவுகளையே கேட்டுவந்த நமக்கு, அங்கே விக்டர் படைத்தவனே 'நான்' என்று தன் கதையைச் சொல்கிறான். பார்வையற்ற முதியவர் டி லேசி அவனிடம் அன்பாகப் பேசுகிறார். மகன் ஃபீலிக்ஸ் உள்ளே வந்து அவனைப் பார்த்ததும் தடியால் அடிக்கிறான். வாசகரும் டி லேசி மாதிரிதான்: முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். இது புரிந்தபோது அழுதுவிட்டேன். முதல் தேர்வில் நானே அவனை 'இட்' என்றுதான் எழுதியிருந்தேன்.

ஜேன் ஐர் நாவலில் (1847) ஜேன் காதலிப்பவர் மாடியறையில் பூட்டிவைத்திருக்கும் மனைவி பெர்த்தாவை முதலில் பார்க்கும் ஜேனும் 'இட்' என்கிறாள். பெர்த்தா நம் காதுபட ஒரு வரிகூடப் பேசுவதில்லை. டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ்தான் 1966-ல் வைட் சர்காஸோ சீ நாவலை எழுதி அவளுக்கு 'நான்' கொடுத்தார். உங்கள் சிலபஸில் இல்லாவிட்டாலும் அதைப் படித்துவிடுங்கள்.

மற்றவை:
- மூன்று நாவல் போதும். தாமஸ் ஹார்டியின் டெஸ், ஜூட் இரண்டையும் நான் தொடவில்லை.
- 'பாவம்' என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். சொல்வது யார் என்று ஓரத்தில் எழுதுங்கள்.
- விமர்சகர் பெயர்களை அடுக்க வேண்டாம். காட்சியைச் சொல்லுங்கள்.
- தனியாகப் படியுங்கள். கூட்டமாகப் படித்தபோது எனக்குக் கதை மட்டும்தான் மிஞ்சியது.

தேர்வறையில் முதல் வரியாக, மாடிப்படியில் கிடந்த அந்தச் சிறுவனைத்தான் எழுதினேன். அதற்கப்புறம் மணி அடிக்கும்வரை கை நிற்கவில்லை.