ஹானியா: கட்டடங்கள் மதம் மாறிய ஊர்

கிரேக்கத் தீவு என்றதும் நம்மில் பலருக்கு சாண்டோரினியின் வெள்ளை வீடுகளும் நீலக் குவிமாடங்களும்தான் ஞாபகத்துக்கு வரும். ஹானியாவில் அதெல்லாம் கிடையாது. கிரீட் தீவின் மேற்கே, வடக்குக் கரையில் இருக்கிற இந்தப் பழைய ஊரின் சுவர்கள் மஞ்சளும் காவியும் வெளிறிய சிவப்புமாக இருக்கின்றன. காரை உதிர்ந்து உள்ளே கல் தெரிகிறது. சில வீடுகளுக்குக் கூரையே இல்லை, நாலு சுவருக்குள் மேசை நாற்காலி போட்டு உணவகம் நடத்துகிறார்கள், மேலே வானம். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துப்போன ஊர் இது.

ஏதென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிற பிரேயஸில் இரவுக் கப்பல் ஏறினால் விடியும்போது சூடா துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து ஊருக்குள் பேருந்தில் கொஞ்ச நேரம்தான். பெரிய கப்பல்கள் சூடாவோடு நின்றுவிடுவதற்குக் காரணம், ஹானியாவின் பழைய துறைமுகம் ஆழம் குறைந்தது. இப்போது அங்கே மீன்பிடிப் படகுகளும் சுற்றுலாப் படகுகளும் மட்டும் கட்டிக் கிடக்கின்றன. அதுவும் ஒருவகையில் நல்லதுதான், ஊரின் முகம் கெடாமல் இருக்கிறது.

துறைமுகத்தை ஒட்டிய மேட்டுக்குக் கஸ்தெல்லி என்று பெயர். அங்கே தெருவோரத்தில் வேலி போட்டு ஒரு பள்ளம் இருக்கிறது, எட்டிப் பார்த்தால் மினோவன் காலத்து, அதாவது கிரீட்டின் வெண்கலக் கால நாகரிகத்து, வீடுகளின் அடித்தளக் கற்கள். மூவாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. கிதோனியா என்ற பழைய நகரம் இதே மேட்டில்தான் இருந்தது, லீனியர் பி என்ற மிகப் பழைய கிரேக்க எழுத்து பொறித்த களிமண் பலகைகள்கூட இங்கே கிடைத்திருக்கின்றன. பள்ளத்துக்கு எதிரிலேயே குடியிருப்புகள், மாடியில் துணி காய்கிறது. மூவாயிரம் வருஷமாக ஆட்கள் விடாமல் குடியிருக்கிற ஊரைத் தோண்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே நின்றால் புரிகிறது. எதைத் தோண்டினாலும் யாரோ ஒருவருடைய வீடு.

1204இல் முடிந்த நான்காம் சிலுவைப் போருக்குப் பிறகு கிரீட் வெனிஸ்காரர்கள் கைக்கு வந்தது. ஹானியாவில் 1645 வரை அவர்கள்தான். கோட்டைச் சுவர், அகழி, துறைமுகத்தின் கிழக்கு மூலையில் வரிசையாக நிற்கிற வளைவுக் கூரை போட்ட கப்பல் பட்டறைகள் எல்லாம் அவர்கள் கட்டியவை. மழைக்காலத்தில் கப்பல்களை உள்ளே இழுத்து வைத்துப் பழுது பார்ப்பதற்காகக் கட்டியிருக்கிறார்கள். மேற்கே பிர்காஸ் கோட்டை. கிரீட் கிரேக்க நாட்டோடு இணைந்தபோது, 1913 டிசம்பர் 1ஆம் தேதி, கிரேக்கக் கொடியை ஏற்றியது இந்தக் கோட்டையில்தான். அதற்காகப் பெரும்பாடு பட்ட கிரேக்கப் பிரதமர் எலெப்தெரியோஸ் வெனிசெலோஸ் பிறந்ததும் ஊருக்கு வெளியே இருக்கிற முர்னியெஸ் கிராமத்தில்.

கலங்கரை விளக்கத்துக்கு ஒரு காலை நேரத்தை ஒதுக்கி வையுங்கள். எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் பக்கத்தில் இருக்கிற மாதிரி தெரியும், ஆனால் துறைமுகத்தைச் சுற்றி, அலைதடுப்புச் சுவர்மேல் நடந்து போகவேண்டும், வெயில் ஏறிவிட்டால் ஒதுங்க நிழலே கிடையாது. கிட்டப் போய் நின்று பார்த்தேன். அடிப்பகுதிக்கு எட்டு முகம், நடுவில் பதினாறு முகம், மேலே வட்டம். முதலில் கட்டியது வெனிஸ்காரர்கள். இப்போது நாம் பார்க்கிற உருவம், 1830களில் கிரீட் எகிப்தின் ஆட்சியில் இருந்தபோது திருப்பிக் கட்டியது. அதனால்தான் மசூதி மினார் மாதிரி இருக்கிறது.

துறைமுகத்தின் நடுவில் கண்ணில் படுகிற பெரிய குவிமாடம், 1645இல் ஒட்டோமான் துருக்கியர்கள் ஊரைப் பிடித்த பிறகு கட்டிய மசூதி. மினார் இப்போது இல்லை, தொழுகையும் இல்லை. உள்ளே அவ்வப்போது கண்காட்சி வைக்கிறார்கள். எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு ஐஸ்க்ரீம் கடைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே தொழுத ஜனங்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விதான் எனக்கு அப்புறம் ஊர் முழுக்க நடக்கும்போதும் விடாமல் கூடவே வந்தது.

ஸ்ப்ளாண்ட்சியா பகுதியில் இருக்கிற புனித நிக்கோலாஸ் தேவாலயத்தை அவசியம் பாருங்கள். ஒரு பக்கம் மணிக்கூண்டு, இன்னொரு பக்கம் இரண்டு மாடம் வைத்த மினார், ஒரே கட்டடத்தில்! கத்தோலிக்க டொமினிக்கன் துறவிகளின் கோயிலாக இருந்தது, 1645க்குப் பிறகு மசூதியானது, 1918இல் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் தேவாலயமானது. மினாரை இடிக்காமல் விட்டதோடு பழுதுபார்த்தும் வைத்திருக்கிறார்கள். முன்னால் ஒரு பெரிய பிளேன் மரம், அடியில் காபிக்கடை மேசைகள், வயசானவர்கள் பகடை உருட்டித் தாவ்லி ஆடுகிறார்கள். இதே மரத்தில்தான் 1821 கிளர்ச்சியின்போது கிசாமோஸ் ஆயரை ஒட்டோமான்கள் தூக்கிலிட்டார்கள். நூறு வருஷம் கழித்து, 1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டபோது, ஊரில் மிச்சமிருந்த முஸ்லிம்கள் எல்லாரும் கப்பலேறிப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது கிரேக்கம். துருக்கிய மொழி தெரியாமலே துருக்கிக்குப் போய் இறங்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து விரட்டப்பட்ட கிரேக்கக் கிறிஸ்தவர்கள் கிரீட்டுக்கு வந்தார்கள். எந்த மதம் என்பதை மட்டும் வைத்து ஜனங்களை வேரோடு பிடுங்கிப் போட்டது பெரிய அநியாயம். அதை ஒப்பந்தம் போட்டுச் செய்தார்கள் என்பது இன்னும் வருத்தமாக இருக்கிறது.

அடுத்து யூதர் பகுதிக்குப் போனேன். எட்ஸ் ஹாயிம் ஜெபஆலயம் ஒரு சின்ன முட்டுச்சந்துக்குள் இருக்கிறது, விசாரித்துத்தான் போகவேண்டும். இதுவும் ஒரு காலத்தில் வெனிஸ்காரர்களின் தேவாலயம்தான், பிறகு யூதர்களிடம் வந்தது. முற்றத்தில் மரங்கள். சில படி இறங்கினால் சடங்குக் குளியலுக்கான மிக்வே தொட்டி, ஊற்றுத் தண்ணீர், தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. உள்ளே மர பெஞ்சுகள், வெள்ளைச் சுவர், அலங்காரம் அதிகம் இல்லை.

1944 மே 29 விடியற்காலையில் ஜெர்மானியப் படை இந்தத் தெருக்களைச் சுற்றி வளைத்து, வீடு வீடாகப் போய் யூதர்கள் எல்லாரையும் பிடித்தது. கொஞ்ச நாள் சிறையில் வைத்துவிட்டு ஹெராக்லியோனுக்குக் கொண்டுபோய் தனாயிஸ் என்ற கப்பலில் ஏற்றினார்கள். ஜூன் 9 அதிகாலை, உள்ளே இருப்பது யார் என்று தெரியாமல் ஒரு பிரிட்டிஷ் நீர்மூழ்கி அந்தக் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. சுமார் 265 யூதர்கள், கூடவே கிரேக்கக் கைதிகளும் இத்தாலியப் போர்க்கைதிகளும் செத்துப்போனார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகத் தீவில் இருந்துவந்த சமூகம் அன்றோடு முடிந்தது. குழந்தைகளும் அந்தக் கப்பலில் இருந்தார்கள். இதற்குமேல் என்னால் அங்கே எதையும் ரசித்துப் பார்க்க முடியவில்லை, முற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பாழடைந்து கிடந்த கட்டடத்தை நிக்கோஸ் ஸ்தாவ்ருலாகிஸ் என்பவர் முன்னின்று சீரமைத்து 1999இல் திறந்தார். 2010 ஜனவரியில் தீ வைத்தார்கள், நூலகத்தில் நிறைய எரிந்துபோனது. மறுபடியும் சரிசெய்து திறந்துவிட்டார்கள். இப்படிப்பட்ட மனுஷர்கள் இருப்பதால்தான் அந்த 265 பேரைப் பற்றி இன்றைக்கும் யாராவது பேசுகிறோம். ஹானியாவுக்குப் போய்விட்டு இந்த இடத்தைப் பார்க்காமல் வராதீர்கள். வார நாளில் போங்கள், வார இறுதியில் பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, சாப்பாடு. சைவக்காரர்களுக்கு இந்த ஊரில் கவலையே இல்லை. டாக்கோஸ் என்று, கடினமான பார்லி ரஸ்க்கின் மேல் துருவிய தக்காளி, மிசித்ரா பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய் தாராளமாக ஊற்றித் தருவார்கள், கொஞ்சம் ஊறவிட்டுச் சாப்பிடவேண்டும். பூரேகி இந்த ஊருக்கே உரியது: சீமைச் சுரைக்காய், உருளைக்கிழங்கு, மிசித்ரா, புதினா, அடுக்கடுக்காக வைத்துச் சுட்டது. காட்டுக்கீரைகளை வேகவைத்து எலுமிச்சை பிழிந்து ஒரு தட்டு நிறைய வைக்கிறார்கள். காலையில் பூகாட்சா, உள்ளே உப்புச் சுவையோடு சீஸ், மேலே சர்க்கரை தூவி. துறைமுகத்தை ஒட்டிய உணவகங்களில் விலை அதிகம், ருசி சுமார்தான். இரண்டு தெரு உள்ளே தள்ளிப் போனால் வித்தியாசம் தெரியும். கணக்குத் தீர்க்கும்போது பழமும் ஒரு சின்னக் குப்பி ராக்கி சாராயமும் கேட்காமலே வரும், அதற்குக் காசு கிடையாது.

ஹெராக்லியோனில் தங்கிக்கொண்டு பேருந்தில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். போக ஏறக்குறைய மூணு மணி நேரம், வரவும் அதே, நடுவில் மிஞ்சுவது துறைமுகத்தில் ஒரு சுற்று மட்டும்தான். பழைய ஊருக்குள்ளேயே அறை எடுத்துத் தங்குங்கள். மே மாதம் போனால் கூட்டம் குறைவு, தெற்கே வெள்ளை மலைகளின் உச்சியில் பனியும் மிச்சமிருக்கும். தெருக்களில் கல் பாவியிருக்கிறது, நல்ல பிடிமானமுள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.